இரண்டு வீட்டிலும் பொங்கிய பால்

பித்தளைப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டிப் பால் நுரைத்து வழிந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் தொடக்கம், பென்னாகரத்திலேயே நாங்கள் வேறு வாடகை வீட்டுக்குக் குடிபோன ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் முறைப்படி நடந்தது. அப்பா மட்டும் இல்லை. அவர் அதே நல்ல நேரத்தில், நான்கு தெரு தள்ளி, இன்னொரு வீட்டில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பேச்சையெல்லாம் வகுப்பிலேயே செலவழித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர். அவரும் அம்மாவும் போய்ப் பார்த்தவை இரண்டு வீடுகள். ஒன்று, ஜமீன்தார் மாதிரி ஊரை ஆண்ட யாரோ ஒரு மிட்டாதார் அந்தக் காலத்தில் கட்டியது. கட்டிப்பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள், கிளி செதுக்கிய நிலை, நடுவில் வானம் தெரியும் முற்றம். கிணறோ தோட்டத்துக் கடைசியில். மற்றது சின்ன ஓட்டு வீடு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒவ்வொரு அறைக்கும் கதவு, சமையலறைக்குச் சன்னல், கை நீட்டும் தூரத்தில் கிணறு. அம்மாவுக்கு அப்போது இடுப்பில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று.

"வூட்ட முடிச்சிட்டேன்" என்றார் அப்பா. எந்த வீடென்று அவர் சொல்லவில்லை, அம்மா கேட்கவுமில்லை. தூணைப் பார்த்தவர்களுக்கு வேறொன்று கண்ணில் படுமா என்பது அவர் நினைப்பு. கிணற்றைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது என்பது இவள் நினைப்பு. ஓட்டு வீட்டுக்காரம்மா பார்க்கப் போன அன்றே அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டிருந்தாள். முன்னால் கிளம்பிய அப்பாவைக் காணாமல், நேரம் தவறிவிடுமே என்று அம்மாவே அடுப்பை மூட்டிவிட்டாள்.

அவரைத் தேடிப் போனவள் நான். மிட்டாதார் வீட்டில் புகையில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா எங்க கண்ணு?"

"அங்க பால் காச்சிட்டாங்க. கெணத்து வூட்டுல."

அப்பா ஒரு தூணை மெல்லத் தடவினார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் சாமான்களைத் திரும்பவும் வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு நடந்தார். ஓட்டு வீட்டின் பின்பக்கம் அம்மா தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள், பாடிக்கொண்டே. அவள் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை. அப்பா வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்த வழியே திரும்பிப் போனார்.

மறுபடி வந்தபோது கையில் துண்டு சுற்றிய பால் பாத்திரம். அவரிடம் படிக்கும் பிள்ளைகள் தெருவெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அம்மாவுக்கு விஷயம் புரிந்து முகம் வெளுத்துவிட்டது.

"பால் காச்சின வூட்ட வுட்டுட்டு வரலாமுங்களா? ஆவாதுன்னு சொல்லுவாங்களே."

"பாலக் கையோட கொண்டாந்துட்டேனே" என்றார் அப்பா.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பாலையும் ஒன்றாக ஊற்றி அடுப்பில் ஏற்றி, பாயசத்துக்கு அரிசி களையப் போனாள்.