அவள் நிறுத்திய இடங்கள்

கல்லூரியில் அவருக்கு ‘அகராதி’ என்றுதான் பெயர். சட்ட மொழிபெயர்ப்புப் பேராசிரியர். கடைப் பலகையில் ஒரு சொல் பிழையாக இருந்தாலும் திருத்தாமல் நகரமாட்டார். “உங்கப்பாகிட்ட உப்பு கேட்டா தீர்ப்பு எழுதிக் கொடுப்பாரு” என்று மனைவி மகளிடம் கேலி செய்வாள். அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு நாள் தவறினார். அதுவும் தப்பாகப் பேசி அல்ல, அழகாகப் பேசி.

வகுப்பில்லாத நாளில் நீதிமன்றத்துக்குப் போய்ச் சாட்சிகளின் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வார். அன்று கூண்டில் நின்றவள் தையல் ஆலைக்காரி, வேற்று மொழிக்காரி. கணவன் வீட்டார் பிடித்து வைத்துக்கொண்ட ஆறு வயது மகளைத் திருப்பிக் கேட்டு வந்திருந்தாள்.

“கதவ... இல்ல, அதுக்கு முந்தி... கொழந்த உள்ள... பூட்டிட்டாங்க...” என்று தன் மொழியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அகராதி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அது தொழில் பழக்கம். வாயைத் திறந்தபோதோ, பெற்றவள் இப்படித் திணறுகிறாளே என்று மனம் இளகிவிட்டது. கோடுகளை விட்டுவிட்டு, முன்னது முன்னும் பின்னது பின்னுமாகப் பூத்தொடுத்த மாதிரி சொல்லிவிட்டார்.

“ஒப்பிக்கிற மாதிரியில்ல இருக்கு!” என்றார் நீதிபதி. அவள் திணறியதெல்லாம் பாடம் மறந்துபோனதால்தான் என்று தீர்ப்பிலும் எழுதினார். குழந்தை அப்பன் வீட்டிலேயே தங்கிவிட்டது.

வெளியே அவள் வழிமறித்தாள். “ஐயா, நான் சொன்னதெல்லாம் சொன்னீங்களா?”

“ஒண்ணு விடாம சொன்னேம்மா.”

“அப்புறம் ஏன் நம்பல?”

அவர் குறிப்பேட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு படியிறங்கினார்.

‘பேச்சைச் சீராக்கியது நான்தான்’ என்று நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதவும் செய்தார். அந்த மாதம்தான் துறைத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கு அனுப்பலாம் என்று மேசைக்குள் வைத்தார். பதவி வந்தது. மேல்முறையீட்டுக் கெடு போனது. பிறகு புத்தகம் எழுதினார்: சாட்சியின் தடுமாற்றமும் சாட்சியே, அதையும் பெயர்த்துச் சொல்லுங்கள் என்று. ஊரெல்லாம் கைதட்டியது. கடவுள் கைதட்டியிருப்பாரா என்பது அந்தக் கடவுளுக்குத்தான் தெரியும்.

ஓய்வு பெறும் நாளில் ஒரு மாணவி கேட்டாள், “சார், யாரோ சறுக்குனதப் பாத்துத்தானே அந்தப் பாடம் எழுதுனீங்க?”

“ஒருத்தர் இருந்தாரு. ரொம்பப் படிச்சவரு,” என்றார். வகுப்பே சிரித்தது. நான்தான் என்று சொல்ல அன்றும் நாக்கு எழவில்லை.

மறுநாள் காலை, அந்தத் தையல் ஆலைக்காரிக்காக அன்று வாதாடிய வழக்கறிஞருக்குப் போன் செய்தார். தாய் இறந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டதாம். மகளின் முகவரி மட்டும் கிடைத்தது.

“கண் கெட்ட பிறகு எதுக்குங்க இது?” என்றாள் மனைவி.

“அம்மா பொய் சொன்னான்னுதானே அந்தப் பொண்ணு இவ்வளவு நாளும் நினைச்சிட்டிருக்கும்!”

மனைவி எழுந்து உள்ளே போனாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பழைய குறிப்பேட்டைப் பிரித்து, தாய் சொன்னதை நிறுத்திய இடமெல்லாம் கோடு போட்டுப் படியெடுத்தார். கீழே தம் பங்கை எழுத ஆரம்பித்தார். ‘அம்மா, அன்னைக்கு... உங்க அம்மா... நான்...’ அடித்துவிட்டு ஒழுங்காக எழுதப் பேனாவைத் தூக்கினவர், அப்படியே விட்டுவிட்டு மேற்கொண்டு எழுதினார்.