ராசா மறைந்த அடுத்த பக்கம்

எழுவைதீவு வாசிகசாலையின் மூத்த வாசகர்கள் கறையான்கள். சட்டப் புத்தகங்களை ஒரே மாரியில் தின்று முடித்த அவற்றுள் ஒன்று, கொழும்பில் சட்டத்தரணியாக இருப்பதாக ஊரில் கதை. அவற்றுக்கு அடுத்தபடியாக, ஐம்பத்திரண்டாவது வயதில் வந்து சேர்ந்த வாசகி மதலேனா.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் தாயைப் பறிகொடுத்து, நான்கு தம்பிமாருக்குச் சோறாக்கினவள். பிறகு சந்தியோகுவைக் கட்டினாள். 2007 ஆவணியில் அவன் கடலுக்குப் போனான். படகை இரண்டாம் நாள் கட்டி இழுத்து வந்தார்கள். வலை இருந்தது, சாப்பாட்டுப் பெட்டி இருந்தது, ஆள் இல்லை. விசாரிக்க வந்த யாரோ ஒரு தாளை நீட்ட, அழுதபடியே பெருவிரலை வைத்தாள். அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. இனி வாசிக்காமல் ஒன்றிலும் விரல் வைப்பதில்லை என்றுதான் படிக்க வந்தாள்.

வாசிகசாலையைப் பார்த்துக்கொண்ட நிரோஜினி எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, முதலில் காகமும் நரியும் வரும் புத்தகத்தைத் தந்தாள்.

"என்ன பிள்ளை, என்னைப் பாலர் வகுப்பிலை விடப்போறீரோ? நரி கதைக்குமெண்டு நம்புற வயசே எனக்கு?"

"அப்ப எப்பிடியான கதை வேணும், அக்கா?"

"மனிசர் உள்ள கதை. நடந்த மாதிரிக் கதை."

வெளிநாட்டிலிருந்து ஊரவர் அனுப்பிய பெட்டியில் அரசர் கதைகள் கிடந்தன. நிரோஜினி அவற்றை நிலத்தில் பரப்பிவிட்டு உட்கார்ந்தாள். ஒன்றில் வசனம் அரைப் பக்கத்துக்கு நீண்டது. அதன் முற்றுப்புள்ளியைக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு படை வேண்டும். இன்னொன்றில் வெட்டிய தலைகள் படத்தோடு உருண்டன. மூன்றாவது நல்ல புத்தகம். பெரிய எழுத்து, குட்டி வசனம். ஆனால் கடைசியில், கடலில் தொலைந்த அரசன் மாலையும் கழுத்துமாகத் திரும்பி வந்தான். அதை அவள் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்தாள். மிஞ்சியது, பறங்கியரோடு சண்டைக்குக் கப்பலேறிய ஒரு ராசாவின் கதை. அதில் சாவு இருந்தது. ஆனால் ஒரே ஒரு சொல்லில், சத்தமில்லாமல் இருந்தது. அதையே கொடுத்தாள்.

மதலேனா விரலை வைத்துக் கூட்டி வாசித்தாள். "ராசா... க... கதிரையில் ஏறி முதற் போருக்குப் போனார்."

"கதிரை நாற்காலியெல்லே அக்கா, இது குதிரை. கீழை சுழி இருக்கு, பாருங்கோ."

"கதிரையிலை இருந்து சண்டை பிடிச்ச ஆக்களைத்தானே, பிள்ளை, நாங்கள் கண்டிருக்கிறம்."

இருபதாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். "ராசா மறைந்தார். எங்கை ஒளிச்சவர்?"

நிரோஜினி தயங்கினாள். "செத்துப்போனார் அக்கா. பெரிய ஆக்களுக்கு மரியாதையா அப்பிடி எழுதுறது."

மதலேனா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

ஐப்பசியில் வீட்டுத்திட்டம் வந்தது. பதினேழு வருடம் தகரத்தின் கீழ் இருந்தவளுக்குக் கல்வீடு. ஊர்காவற்துறையில் ஒரு மண்டபத்தில் மேசை போட்டு, ஜெகதீஸ் என்ற உத்தியோகத்தர் படிவங்களை ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்தார். துணைக்கு நிரோஜினியும் போயிருந்தாள்.

"எல்லாம் வடிவா எழுதியிருக்கு, அம்மா. இதிலை கைநாட்டு வையுங்கோ."

"பொறும் தம்பி, வாசிக்கிறன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. "உவ பரீட்சை எழுத வந்தவவோ?" என்றது ஒரு குரல். மதலேனாவின் விரல் மெதுவாக ஊர்ந்து ஓரிடத்தில் நின்றது.

"ம... றை... ந்... த. மறைந்த சந்தியோகுவின் மனைவியாகிய நான்."

"ஓம் அம்மா. மறைந்த எண்டா காணாமல் போன எண்டதுதானே."

"இல்லைத் தம்பி. ராசா மறைஞ்ச அடுத்த பக்கத்திலை மேளமடிச்சு மகனுக்கு முடி வைச்சவை. ஒருதரும் கடலுக்குப் போய்த் தேடேல்லை."

ஜெகதீசுக்கு எந்த ராசா என்று விளங்கவில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்தி, "அம்மா, அந்தச் சொல்லு இல்லாட்டி அவரின்ரை பேரிலை உள்ள காணி உங்கடை பேருக்கு மாறாது. மாறாட்டி வீடு இல்லை. வெள்ளிக்கிழமை பட்டியல் போகுது. என்னாலை வேறை ஒண்டும் செய்ய ஏலாது" என்றார். பொய் சொல்லுகிற முகம் இல்லை அது.

"வையுங்கோ அக்கா," என்றாள் நிரோஜினி. "வெறும் சொல்லுத்தானே."

மதலேனா பேனையை வாங்கி அந்தச் சொல்லை வெட்டினாள். அதன் மேல் வாயில் வருகிறபடியே, கோணல் எழுத்தில், "காணேல்லை" என்று எழுதினாள். கைநாட்டு வைக்கும் கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். அவள் தன் பெயரை எழுதிய முதல் கடதாசி அதுதான். ஜெகதீஸ் அதை மற்றப் படிவங்களோடு சேர்க்காமல் தனியாக வைத்தார்.

பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. கார்த்திகை மழைக்குத் தகரம் இரண்டிடத்தில் பிய்ந்தது. நிரோஜினி கூரைக்கு மேல் போர்த்த ஒரு தறப்பாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள்.

"நான் வேறை புத்தகம் தந்திருக்கலாம், அக்கா."

"தந்திருந்தா விரலை வைச்சிருப்பன். இப்ப கல்வீட்டுக்குள்ளை இருந்து, நான் எதிலை வைச்சனானெண்டு தெரியாமலே செத்திருப்பன்," என்றாள் மதலேனா. வாளியை ஒழுக்கின் கீழ் நகர்த்தினாள். "உந்தத் தறப்பாளின்ரை மற்றத் தலைப்பைப் பிடியும், பிள்ளை. காத்துத் திரும்புது."