யாரு சொல்லி வந்தீங்க?

போன வாரம் ஒரு இன்டர்வியூவுக்குப் போயிருந்தேன். இந்த முறை கேள்வி கேட்பதற்கு அல்ல... பதில் சொல்வதற்கு.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சுருக்கமாக: பள்ளிபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருஷம் ஹெச்.ஆர். மேனேஜர். யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்கிற நாற்காலி என்னுடையது. போன வருஷம் மில்லையே மூடிவிட்டார்கள். எனக்கு வயது ஐம்பத்தேழு.

'இன்டர்வியூவில் ஜெயிப்பது எப்படி' என்று இங்கே எத்தனை வாரம் உங்களை வதைத்திருப்பேன்! பதினைந்து நிமிஷம் முன்னால் போங்கள், ஷூவுக்குப் பாலிஷ் போடுங்கள், கண்ணைப் பார்த்துப் பேசுங்கள்... ஊருக்கு உபதேசம் செய்தவன் ஒரு நாளாவது பரீட்சை எழுத வேண்டாமா?

இந்த வயதில் எதற்கு வேலை என்று கேட்பீர்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் புனேயில். திருச்செங்கோட்டு வீட்டில் நான் மட்டும். சில நாட்களில், காலையில் டீக்கடையில் "சக்கரை இல்லாம ஒண்ணு" என்று சொல்வதோடு அன்றைய பேச்சு முடிந்துவிடும். மறுபடி வாயைத் திறப்பது மறுநாள் அதே கடையில்தான். சம்பளத்துக்காக அல்ல, காலையில் ஒரு இடத்துக்குப் போனால் நாலு பேர் "வாங்க சார்" என்பார்களே, அதற்காகத்தான் எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

நாமக்கல்லில் ஒரு கோழித் தீவனக் கம்பெனி. நிர்வாக அலுவலர் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். பஸ் பிடித்துப் போனேன். இன்டர்வியூ செய்தது முதலாளியின் மகள். முப்பத்தைந்து வயது இருக்கும். என் பயோடேட்டாவைப் புரட்டிப் பார்த்தார், "நல்லா இருக்குதுங்க" என்றார். பிறகு நிமிர்ந்து, இந்த வட்டாரத்தில் எல்லா முதலாளிகளும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"யாரு சொல்லி வந்தீங்க?"

எங்கள் ஊர்ப்பக்கம் படிப்பு, அனுபவம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். உங்களைத் தெரிந்தவர் ஒருவர், முதலாளிக்கும் தெரிந்தவராகவோ அல்லது நம்பும்படியானவராகவோ இருந்து, "நம்ம ஆளுதானுங்க" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் மேனேஜராக இருந்தவரை அந்தப் பழக்கத்தை என் மேஜைக்குப் பக்கத்தில்கூட விட்டதில்லை. சிபாரிசோடு வந்தால் அப்படியே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு கர்வம்.

அந்தக் கர்வத்தோடுதான் பதில் சொன்னேன். "யாரும் சொல்லலீங்க. விளம்பரம் பாத்து நானா வந்தேன்."

பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சார்... இருவத்தாறு வருஷம் இதே சுத்துவட்டாரத்துல இருந்திருக்கீங்க. எத்தன பேருக்கு வேல குடுத்திருப்பீங்க. உங்களுக்காக ஒரு வார்த்த சொல்ல ஒருத்தர் கூடவா இல்லீங்க?"

கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

"பெரிய ஆளா இருக்கோணும்னு இல்லீங்க. உங்களத் தெரிஞ்சவங்களா இருந்தாப் போதும். திங்கக்கெழமைக்குள்ள ஒரு பேரு சொல்லுங்க, நான் போன்ல பேசிக்கறேன்."

பஸ்ஸில் உட்கார்ந்து போனில் இருக்கும் பெயர்களைத் தள்ளிக்கொண்டே வந்தேன். கேஸ் ஏஜென்சி. தண்ணீர் கேன். மோட்டார் மெக்கானிக். பேங்க். மில்லின் பழைய ஜெனரல் மேனேஜருக்குப் போட்டேன், எண் உபயோகத்தில் இல்லை. அக்கவுன்ட்ஸில் இருந்தவருக்குப் போட்டேன், மணி அடித்து ஓய்ந்தது. இத்தனை ஆயிரம் வாசகர்கள் இருக்கிறீர்கள் – உங்களில் ஒருவர் வீட்டு வாசல்கூட எனக்குத் தெரியாதே!

சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் இல்லாமலா போனார்கள் என்றால்... இருந்தார்கள். விசேஷங்களுக்கு நான்தான் போனதில்லை. போனால், பந்தியில் ரசம் வருவதற்குள் யாராவது ஒரு பயோடேட்டாவைச் சட்டைப்பையில் செருகிவிடுவார்கள். அதற்குப் பயந்து எல்லாக் கல்யாணத்துக்கும், காதுகுத்துக்கும் மனைவியைத்தான் தனியாக அனுப்பினேன். "அவருக்கு மில்லுல வேலைங்க" என்று கடைசி வரைக்கும் அவள் எனக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் சாவுக்குத் தெரு கொள்ளாத கூட்டம். அத்தனையும் அவள் சம்பாதித்தது. அவளோடு அதுவும் போய்விட்டது.

கடைசியில் செல்வியின் பெயரில் விரல் நின்றது. மில்லில் நூல் சுற்றுகிற கோன் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர், குமாரபாளையத்துக்காரர். கூப்பிட்டேன்.

"அய்யோ, சாருங்களா! சொல்லுங்க சார்... யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா?"

நான் போன் செய்தால் துக்கச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற அளவுக்கு வைத்திருக்கிறேன் என் உறவுகளை. விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கென்னங்க, தாராளமா சொல்றேன். என்னன்னுங்க சொல்றது?"

"என்னைத் தெரியும்னு சொன்னாப் போதும்மா."

"சார், கோவிச்சுக்காதீங்க. பதினாறு வருஷம் ஒரே கேட்டுல உள்ள போயி வெளிய வந்திருக்கோம். ஆனா நீங்க காப்பிக்குச் சக்கர போடுவீங்களா மாட்டீங்களான்னு கூட எனக்குத் தெரியாதுங்களே. தெரியும்னு எப்படிங்க சொல்றது?" பிறகு அவரே, "ஞாயித்துக்கெழம புது ஊட்டுக்குப் பால் காய்ச்சறோமுங்க. நீங்க வாங்க சார். வந்தீங்கன்னா நானும் மனசாரச் சொல்லிப்போடுவேன்" என்றார்.

போனேன். இன்டர்வியூவுக்குப் போவது போலவே போனேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பதினைந்து நிமிஷம் முன்னால், தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஷூவை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போனால் யாரையும் தெரியவில்லை. கையில் சுவர்க் கடிகாரப் பார்சலோடு ஒரு மூலையில் நின்றேன். விசேஷ வீட்டில் எங்கே நிற்க வேண்டும், யாரிடம் என்ன பேச வேண்டும் என்று ஐம்பத்தேழு வயதில் எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

செல்வியின் வீட்டுக்காரர்தான் காப்பாற்றினார். "சார், சும்மா நிக்காதீங்க. இந்தத் தண்ணி பாட்டில எல்லாம் எலைக்கு ஒண்ணா வெச்சிருங்க" என்று ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். வைத்தேன். அடுத்த பந்திக்கும் வைத்தேன். "தள்ளி வைங்க சார், தட்டி உட்டுருவாங்க" என்று ஒருவர் திருத்தினார். மில்லில் யாரும் என்னைத் திருத்தியதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது.

நானும் ஒரு இலையில் உட்கார்ந்தபோது, கோன் பிரிவில் வேலை பார்த்த இன்னொரு அம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நீங்க மில்லு சாருங்கதானே? உங்க ஊட்டு அம்மணி எம் மக கல்யாணத்துக்கு வந்தாங்களே. கடேசி பந்தி வரைக்கும் இருந்து எங்களோட பாத்திரம் எடுத்து வெச்சுட்டுப் போனாங்க. எத்தன சிரிப்பு அவியளுக்கு!"

எனக்குத் தெரியாது. அப்படி ஒரு கல்யாணம் நடந்ததும், அவள் பாத்திரம் எடுத்து வைத்ததும், சிரித்ததும். வீட்டுக்கு வந்து சொல்லியிருப்பாள். நான் அன்றைக்கு பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். அத்தனை பேருக்கு நடுவில் கண் கலங்கிவிட்டது. சாம்பார் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் நம்பவில்லை.

திங்கட்கிழமை செல்வியின் பெயரையும் நம்பரையும் கம்பெனிக்கு அனுப்பினேன். புதன்கிழமை பதினோரு மணிக்கு முதலாளியின் மகளிடமிருந்து போன்.

"சார், தப்பா நெனைச்சுக்காதீங்க. வேற ஒருத்தர எடுத்துட்டோமுங்க. அவருக்காக ஏழு பேரு பேசினாங்க."

ஏழு பேர்! அந்த மனிதர் எத்தனை பந்தியில் தண்ணீர் பாட்டில் வைத்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பொறாமையாக இருந்தது. வேலைக்காக அல்ல, அந்த ஏழு பேருக்காக.

மனசு கேட்கவில்லை. "செல்வி என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் லேசான சிரிப்பு.

"'நேர்மையான மனுசனுங்க. இப்பத்தான் பழக ஆரம்பிச்சிருக்கோமுங்க'ன்னாங்க."

போனை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டை போட்டுக்கொண்டு கிளம்ப இடமில்லாத இன்னொரு காலை. வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும். நான் கிழித்துப் போட்ட சிபாரிசுக் கடிதங்கள் எத்தனையோ. அதில் ஒன்றிலாவது இவ்வளவு உண்மை இருந்திருக்குமா?

செல்வியைக் கூப்பிட்டுச் சொன்னேன். பதறிவிட்டார். "அய்யோ சார், நான் மாத்திச் சொல்லிப்போட்டனுங்களா?"

"இல்லம்மா... சரியாத்தான் சொன்னீங்க."

"உடுங்க சார். வெள்ளிக்கெழம எங்க ஊட்டுக்காரரு தங்கச்சி புள்ளைக்குக் காதுகுத்து. நீங்களும் வாரீங்களா?"

"வாரேம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு விண்ணப்பம் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்... முதலில் இன்னும் ஆறு பேரைத் தெரிந்துகொள்கிறேன்.