உங்கள் அம்மா மலாய் கற்ற விதம்

பிள்ளைகளே, மலாயா சுதந்திரம் வாங்கிய அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே கடற்காற்றில் மிதந்து வருவது போல இருக்கிறது. மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டுக்குள் மதிய வெளிச்சம் தண்ணீர் மாதிரி அசையும். அதற்குள் உட்கார்ந்து உங்கள் அம்மா மலாய் படிப்பார்.

அம்மா தமிழ்நாட்டில் பிறந்தவர். இங்கே குடியுரிமை வேண்டுமென்றால் அதிகாரியிடம் மலாயில் நாலு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் கப்பலேற்றி விடுவார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உங்கள் அண்ணன் அப்போது தவழ்கிற பிள்ளை. தூக்கத்திலும் அவன் அம்மாவின் முந்தானையை விடமாட்டான்.

நான் தமிழ்ப் பள்ளியில் பயிற்சி ஆசிரியர். சனிக்கிழமைகளில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு. அங்கே ஒரு பாடம் சொன்னார்கள். மணியடித்து மணியடித்துச் சோறு வைத்தால், பிறகு மணிச்சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறுமாம். சரியாகச் செய்ததும் பரிசு கொடுத்தால் அந்தப் பழக்கம் நிலைக்குமாம். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அது வேதவாக்கு. பெயர், ஊர், பிள்ளைகள், கணவர் வேலை என்று அதிகாரி கேட்கக்கூடியதை அம்மாவிடம் மலாயில் வரிசையாகக் கேட்பேன். சரியான பதிலுக்கு ஒரு கல்கண்டு.

"என்னங்க, நாய்க் கதையச் சொல்லிட்டு எனக்குக் கல்கண்டு நீட்டுறீங்களே?"

"பேசாம பதிலச் சொல்லு."

"பேசாம எப்படிங்க சொல்றது?"

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டி அக்கா ஒருவர் இருந்தார், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட தமிழர் வம்சம். நெற்றியில் விபூதி, உடுத்துவது மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டை, பேசுவது அவர்கள் வீட்டு மலாய். தமிழ் வராது. அவரும் அம்மாவும் வேலியோரம் மீன் கழுவிக்கொண்டு பேசிச் சிரிப்பார்கள். பாடம் கெடுகிறதே என்று நான் உள்ளேயிருந்து கூப்பிடுவேன்.

அந்த நாள் வந்தது. இளவயது மலாய் அதிகாரி. நான் கதவோரம் நின்றேன்.

"எத்தனை பிள்ளைகள்?" என்று மலாயில் கேட்டார். அம்மா தன் பெயரைச் சொன்னார்.

"கணவருக்கு என்ன வேலை?"

"காஜா பெராங்."

வரிசை மாறிவிட்டது, மனப்பாடம் மாறவில்லை. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். என் காதுக்குள் கப்பல் ஊதியது.

வரும் வழியில் மீன் வாங்கிப் போட்டிருந்த அம்மாவின் கூடையில் அவர் பார்வை விழுந்தது. "அது என்ன மீன்?"

அம்மா நிமிர்ந்தார். "கெம்போங், துவான். கிளேபாங் கரையில வாங்கினது. சந்தை மீனத் தொடாதீங்க, கண்ணு செவந்து கெடக்கு. புளி கரைச்சு அசாம் பெடாஸ் வச்சா ரெண்டு நாளைக்கு வரும்."

எல்லாம் மலாயில், அப்படியே அந்த அக்காவின் ராகத்தில்.

"அன்னாசி போட மாட்டீங்களா?"

"அன்னாசியா? மீன் கொழம்பா, பாயசமா?"

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சைக்கிளில் திரும்பும்போது கால் பெடலில் இருந்ததா மேகத்தில் இருந்ததா, தெரியாது. "இவ்வளவு மலாய் யாரு சொல்லிக் கொடுத்தது?" என்றேன்.

"யாருங்க சொல்லிக் கொடுத்தா? அவங்க பேசுவாங்க. நானும் பேசுவேன்."

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ, கூடிப் பழகித்தான் பிள்ளை கற்கும் என்றும் சனிக்கிழமை வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதுவரை அது என் காதோடு நின்றிருந்தது.

திங்கட்கிழமை முதல் வகுப்பில் சாக்கட்டியைக் கீழே வைத்தேன். "காலையில என்ன சாப்பிட்டீங்க? பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். வகுப்பே சந்தையாகிவிட்டது. தலைமையாசிரியர் வாசலில் வந்து முறைத்தார். நான் வணக்கம் சொன்னேன், பிள்ளைகளை அடக்கவில்லை.