கிர்குக் மேஸ்திரிக்கு எந்தக் கட்டம்

1995 ஜூன் முதல் லேக் கார்டன்ஸ் டீக்கடை பெஞ்சில் நான்தான் 'மாத்ராஜி தா', அதாவது மதராசி அண்ணன்; வங்காளிகளுக்கு 'தா', 'தாதா' இரண்டும் அண்ணன்தான். எந்தப் போர் எந்த வருஷம், எந்த ஆட்சி எப்போது கவிழ்ந்தது என்று கேட்டால் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்காமலே சொல்வேன். அலுவலகம் முடிந்து வரும் வங்காளிகள் எனக்காக நகர்ந்து இடம் விடுவார்கள்.

2003 மார்ச் 20, வியாழக்கிழமை, இராக்கில் குண்டு விழத் தொடங்கியது. அன்று மாலைதான், பக்கத்தில் இட்லி மாவு விற்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, தான் முன்பு அந்த நாட்டின் கிர்குக் நகரில் வெல்டராக இருந்ததாகச் சொன்னார். மறுநாளிலிருந்து பெஞ்சில் இடம் அவருக்கு நகர்ந்தது. பட்டமும் அவருக்கே போனது. அவருக்கு ஒரு தேதி கூடச் சரியாகத் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஏப்ரல் 9 அன்று பாக்தாதில் சர்வாதிகாரியின் சிலை விழுந்தது. அடுத்த நாள் நோட்டுடன் போனேன். ஷியா, சன்னி, குர்து என்று மூன்று கட்டம் போட்டு, இனி யார் கை ஓங்கும் என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"சார், கிர்குக்ல எங்க மேஸ்திரிக்கு அப்பா துருக்மான், அம்மா குர்து. வீட்ல பேசுறது அரபு. அவர எந்தக் கட்டத்துல போடுவிய?"

நோட்டில் விரலை வைத்தபடி அவரே தொடர்ந்தார்.

"நம்மளயும் இங்க டீ குடிக்க வர்ற மலையாளி கிளார்க்கையும் சேத்து இவங்க மாத்ராஜிங்காவ. அவரோட ஒண்ணாச் சேத்தா உங்களுக்குக் கோவம் வருது. நீங்க பண்ணுறது மட்டும் என்னவாம்?"

அதையே வங்க மொழியிலும் சொன்னார். பெஞ்சே சிரித்தது.

இரண்டு நாள் கழித்து, குவைத் சண்டை ஒரு தீபாவளிக்குத்தான் வந்தது என்று அவர் பேச்சுவாக்கில் சொன்னார். நான் காத்திருந்தது அதற்குத்தான். குவைத்துக்குள் படை புகுந்தது 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை; தீபாவளி அக்டோபரில் என்றேன். இவர் அங்கே இருந்தாரா என்பதே சந்தேகம் என்று எல்லோருக்கும் புரியும்படி வங்க மொழியில் சேர்த்துக்கொண்டேன். அவர் டீயைக் குடித்து முடித்து, தம்ளரை வைத்துவிட்டுப் போனார். பிறகு பெஞ்சுக்கு வரவில்லை.

என் இடம் திரும்பக் கிடைத்தது. ஆனால் இராக் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. டிசம்பர் 14, ஞாயிறு, அந்தச் சர்வாதிகாரி பிடிபட்ட செய்தி வந்தபோது, "அவரைக் கூப்பிடுங்க தாதா, என்ன சொல்றார்னு கேப்போம்" என்று என்னையே அனுப்பினார்கள்.

அண்ணாச்சி மாவுப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டுவதை நிறுத்தவில்லை.

"சண்டை உங்களுக்கு ஆகஸ்ட்ல வந்துச்சு சார். எனக்கு, மேஸ்திரி என் பெட்டியத் தூக்கி பஸ்ஸுல ஏத்திவிட்ட அன்னைக்குத்தான் வந்துச்சு. ஊர் வந்து எறங்குனா தீபாவளி."

அடுத்த பையை எடுத்துக்கொண்டே கேட்டார்: "கிர்குக்ல இப்ப அடிச்சிக்கிடுதாவளாமே. அவர் இருக்காரா இல்லையான்னு உங்க நோட்டுல எதுவும் இருக்கா?"

இல்லை என்றேன். அவர் பெஞ்சுக்கு வரவில்லை. நான் தனியாகத் திரும்பி நடந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அப்போதும் பொறாமைதான் பட்டேன்: உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்க, அந்த நாட்டில் அண்ணாச்சிக்கு ஓர் ஆள் இருந்தார்.