ஏலாது எண்டு சொல்லப் பழகினது

என்ரை வீட்டிலை ரெண்டு படுக்கையறை. ஒண்டிலை நான் படுக்கிறன். மற்றதிலை என்னைத் தூக்கி, இறக்கி, கழுவித் துடைக்கிற சாமான்கள் குடியிருக்குதுகள். வெளியிலை போற பற்றரிச் சில்லுக்கதிரை, கொமோட் கதிரை, என்னைக் கட்டிலிலையிருந்து சாக்குமூட்டை மாதிரித் தூக்கிற மிஷின், காலுக்கு அப்பியாசம் செய்யிற ஒடுக்கக் கட்டில், முகடு முட்ட டயப்பர் பெட்டிகள். பாக்க வடிவான அறை இல்லைத்தான். ஆனால் அந்த அறை இல்லாட்டில் என்ரை சீவியம் ஒரு நாளும் ஓடாது.

ஸ்காபரோவிலை பதினோராம் மாடி. தொழிற்சாலையிலை இருவது வருசம் பெட்டி தூக்கினதிலை என்ரை முள்ளந்தண்டு கையை விரிச்சிட்டுது. மகன் கலியாணம் முடிச்சு வேறை மாகாணத்துக்கு வேலைக்குப் போக, வாடகைப் பத்திரத்திலை இருந்த அவன்ரை பேரை நானே வெட்டுவிச்சன். பெரிய அரிச்சந்திரன் வீட்டுப் பரம்பரை! கொஞ்ச நாளிலை கடிதம் வந்திட்டுது. வருமானத்துக்கு ஏற்ற மாதிரி வாடகை எடுக்கிற சலுகையிலைதான் நான் இந்த வீட்டிலை இருக்கிறன். "இப்ப நீங்கள் ஒரு ஆள், ஒரு அறை போதும். மற்ற அறை உங்கடை வருத்தத்துக்குக் கட்டாயம் தேவையோ எண்டு ஆள் வந்து பாக்கும். தேவையில்லையெண்டால் சின்ன வீட்டுக்குப் போகவேணும், இல்லாட்டில் சலுகை நிப்பாட்டப்படும்" எண்டு எழுதியிருந்தது. சலுகை போனால் என்ரை காசுக்கு இந்த வீட்டின்ரை குளியலறையையும் வாடகைக்கு எடுக்கேலாது. சின்ன வீட்டுக்குப் போனால் கதிரை திரும்ப இடமில்லை. பேந்து கட்டிலிலை கிடந்து முகட்டைப் பாக்கவேண்டியதுதான்.

தங்கச்சிக்குப் போன் போட்டுக் கடிதத்தை வாசிச்சன். அவள் யூனியன்வில்லிலை பெரிய வீட்டுக்காரி. மேல்மாடியிலை நாலு படுக்கையறை, முகம் பாக்கிற மாதிரி மினுங்கிற குசினி. மனிசன் போய்ச் சேந்திட்டார், பிள்ளையள் தங்கடை தங்கடை பாட்டிலை. கடிதத்திலை இருந்த அவ்வளவு வசனத்திலும் அவளுக்குக் காதிலை விழுந்தது "ஆள் வரும்" எண்டது மட்டும்தான். எங்கடை ஆக்களுக்கு வீட்டுக்கு ஆள் வருது எண்டால் மூளை நிண்டிடும், கை வேலை செய்யத் தொடங்கிடும்.

ஆள் வாறதுக்கு முதல் நாளே தன்ரை வான் வண்டியிலை வந்து இறங்கினாள். வந்தவுடனை கொஞ்ச நேரம் கதிரையிலை இருந்து முழங்காலைத் தடவினாள், பேந்து சேலையை இழுத்துச் செருகினாள். கொமோட் கதிரை பல்கனிக்குப் போச்சுது, மேலை ஒரு பூப்போட்ட பெட்ஷீற். தூக்கிற மிஷினும் பற்றரிக் கதிரையும் அதுக்குப் பக்கத்திலை, அதுகளுக்கும் ஒரு பெட்ஷீற். டயப்பர் பெட்டியெல்லாம் அவளின்ரை வானுக்கை. அப்பியாசக் கட்டிலுக்குப் பட்டுத் தலையணை ரெண்டு போட்டு, பக்கத்திலை பிளாஸ்ரிக் ரோசாப்பூச்சாடியும் வைச்சிட்டாள்.

"எடியே, அவை பாக்க வாறதே உந்தச் சாமானைத்தானே?" எண்டு கேட்டன்.

"சாமான் இருக்கெண்டு வாயாலை சொன்னால் போதாதே? கண்ணுக்கும் காட்டோணுமே? அக்கா, நீ சும்மா இரு."

நான் சும்மா இருந்தன், அதுதான் என்ரை பிழை. எனக்கும் உறைக்காமல் இல்லை. ஆனால் என்ரை டயப்பர் பெட்டியை முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பாக்கப்போகுது எண்ட வெக்கம் அதிலும் பெரிசாய் இருந்தது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு எண்டு வளத்த சனமெல்லே நாங்கள்!

அடுத்தநாள் காலமை எனக்குச் சீலை உடுத்தி, என்னைச் சோபாவிலை இருத்தி, வீட்டுக்கை ஓடுற சில்லுக்கதிரையை அலுமாரிக்குப் பின்னாலை ஒளிச்சுவிட்டாள். ஒபிசர் வந்தாள். சின்னப் பிள்ளை, நல்ல சிரிச்ச முகம், கையிலை கேள்விக் கடதாசி. தங்கச்சி ரோல்ஸ், கட்லட், கேக், பால்தேத்தண்ணி எண்டு மேசையை நிரப்பிப்போட்டாள். பொம்பிளை பாக்க வந்த மாதிரித்தான் இருந்தது.

"எப்பிடி இருக்கிறீங்கள்?"

"நல்லாய் இருக்கிறன்."

"கட்டிலிலையிருந்து எழும்பிறது?"

"சமாளிக்கிறன்."

"குளிப்பு?"

"அதுவும் சமாளிக்கிறன்."

"சமையல்?" எண்டு அந்தப் பிள்ளை ரோல்ஸைக் கடிச்சுக்கொண்டு கேட்டாள். தங்கச்சி முதல் நாள் முழுக்க நிண்டு பொரிச்ச ரோல்ஸ். "எல்லாம் நான்தான்" எண்டன். ஏன் அப்பிடிச் சொன்னனோ, அந்த முருகனுக்குத்தான் வெளிச்சம்.

ரெண்டாவது அறைக் கதவைத் திறந்தவள், "எவ்வளவு வடிவான விருந்தாளி அறை!" எண்டாள். தங்கச்சி பின்னாலை நிண்டு, "தாங்க் யூ" எண்டாள். சாமானைப் பற்றி வாயாலை சொல்லுவம் எண்டிருந்த ரெண்டு பேரும் வாயே திறக்கேல்லை. பிள்ளை போன கையோடை நாங்கள் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு, "நல்ல மரியாதையான பிள்ளை, கட்டாயம் செய்வாள்" எண்டு கதைச்சம்.

கடிதம் வந்தது. விண்ணப்பகாரர் நல்லாய் இயங்கிறா, மற்ற அறை விருந்தாளிக்குத்தான் பாவிக்கப்படுது, ஆனபடியால் சலுகை நிப்பாட்டப்படும். ஒத்துக்கொள்ளாட்டில் ஒரு மாதத்துக்குள்ளை மறுபடி பாக்கச் சொல்லிக் கேக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்சுது.

"உன்ரை பட்டுத் தலையணை!" எண்டு நான் போனிலை கத்தினன்.

"உன்ரை 'சமாளிக்கிறன்'!" எண்டு அவள் திருப்பிக் கத்தினாள்.

ரெண்டு நாள் கதைபேச்சில்லை. மூண்டாம் நாள் டொக்டரிட்டைக் கடிதம் எடுத்து, திரும்ப வந்து பாக்கச் சொல்லி எழுதிப் போட்டம். பிறகு தங்கச்சி எனக்கு ரியூசன் தொடங்கினாள். மூக்குக்கண்ணாடியை நுனி மூக்கிலை விட்டு, கடதாசியும் பேனையுமாய் ஒபிசராய்க் குந்தியிருந்தாள். அழுகிற பிள்ளைக்குத்தான் பால், ஒவ்வொரு கேள்விக்கும் "ஏலாது" எண்டு சொல்லிப் பழகு எண்டாள்.

"கக்கூசுக்கு எப்பிடிப் போறனீங்கள்?"

"உனக்கேன் உந்த விடுப்புக் கேள்வி?"

"அக்கா!"

"சரி, சரி. சமாளி..."

"ஏலாது எண்டு சொல்லு!"

அந்தச் சொல்லு தொண்டையிலை மீன்முள்ளு மாதிரி நிண்டுது. பக்டரியிலை "இந்தப் பெட்டியும் தூக்குவீரோ?" எண்டு கேட்டாங்கள், ஓம் எண்டன். மகன் "தனிய இருப்பீங்களோ அம்மா?" எண்டான், ஓம் எண்டன். இப்ப அறுவது வயசிலை தங்கச்சிக்கு முன்னாலை இருந்து, "கழுவ ஏலாது, குனிய ஏலாது" எண்டு பாடமாக்கிறன். கோதாரி, எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

அவளுக்கு ஒண்டிலும் அளவு தெரியாது. கோயிலிலை ஆரோ தெரிஞ்ச அன்ரியிட்டை இரவல் வோக்கர் ரெண்டும் ஒட்சிசன் சிலிண்டர் ஒண்டும் வாங்கியந்து அறைக்குள்ளை அடுக்கப் பாத்தாள். "எனக்கு முள்ளந்தண்டிலைதான் வருத்தம், மூச்சிலை இல்லை. முந்தி இல்லையெண்டு காட்டிப் பொய், இப்ப இருக்கெண்டு காட்டிப் பொய். கொண்டுபோய்க் குடு எல்லாத்தையும்!" எண்டு பேசிக் கலைச்சன்.

அதே பிள்ளைதான் திரும்ப வந்தாள். நான் வீட்டுச் சட்டையோடை சில்லுக்கதிரையிலை இருந்தன். பிளேன்ரீ மட்டும்தான். அறைக்கதவைத் திறந்தவள் அப்பிடியே நிண்டாள்.

"இவ்வளவும் அண்டைக்கு எங்கை இருந்தது?"

"பல்கனியிலை, பெட்ஷீற்றுக்குக் கீழை."

"ஏன்?"

"நீங்கள் வாறீங்கள் எண்டுதான்."

அவளுக்கு அது விளங்கேல்லை. பேனையை மூடி வைச்சிட்டு எனக்கு முன்னாலை வந்து இருந்தாள். "இந்தத் தூக்கிற மிஷின் எப்ப வந்தது? ஏன் வந்தது?" எண்டு ஆறுதலாய்க் கேட்டாள்.

அந்தக் கேள்வி தங்கச்சியின்ரை ரியூசனிலை இல்லை.

"போன வின்ரர் வந்தது" எண்டன். "அதுக்கு முதல் மாதம் ஒரு காலமை கொமோட் கதிரைக்கும் கட்டிலுக்கும் இடையிலை விழுந்திட்டன். எழும்ப ஏலேல்லை. போன் மேசையிலை. அது நாலு தரம் அடிச்சது, கையை நீட்டிப் பாத்தன், எட்டேல்லை. என்னைக் கழுவித் துடைக்க வாற வேலைக்காரப் பிள்ளை பின்னேரம் மூண்டு மணிக்கு வரும்வரைக்கும் நிலத்திலைதான் கிடந்தன். நனைஞ்சுபோய்க் கிடந்தன். குளிர்." கொஞ்சம் மூச்சு விட்டிட்டு, "எனக்குத் தனிய ஏலாது பிள்ளை. ஒண்டும் ஏலாது" எண்டன்.

தங்கச்சி குசினி வாசலிலை கோப்பையோடை நிண்டாள்.

"அந்த நாலு தரமும் நான்தானே போன் அடிச்சனான்?" எண்டாள். "பேந்து கேக்க, குளிச்சுக்கொண்டிருந்தனான் எண்டெல்லே சொன்னனீ. நானும் நம்பினனே, அக்கா. நம்பிப்போட்டு யாரோ வீட்டுப் பேத்டே பார்ட்டிக்குப் போனனே." கோப்பையை வைச்சிட்டு, ஒபிசர் இருக்கிறதையும் பாராமல் என்னைக் கட்டிப்பிடிச்சுக் குளறி அழுதாள். நானும் குளறினன். அந்தப் பிள்ளை தன்ரை பேப்பர்நாப்கினை எங்களுக்கு நீட்டிப்போட்டு, யன்னலுக்கு வெளியிலை பாத்துக்கொண்டு இருந்தாள்.

அறை தப்பிச்சுது. சாமான் வைக்க ரெண்டாவது அறை தேவை, சலுகை தொடரும், அடுத்த வருசம் திரும்பப் பாப்பம் எண்டு கடிதம் வந்தது. கடவுளே எண்டு கடிதத்தை நெஞ்சிலை வைச்சுக்கொண்டு, அந்த அறைக்குள்ளை கதிரையை ஒருக்கால் சுத்தித் திருப்பிப் பாத்தன். டயப்பர் பெட்டி ஒண்டு இடிபட்டு விழுந்தது.

இப்ப தங்கச்சி காலமை ஒன்பது மணிக்குப் போன் எடுக்கிறாள். "எப்பிடி இருக்கிறாய்?" எண்டு கேக்கிறதை விட்டிட்டாள். "இண்டைக்கு என்ன ஏலாமல் கிடக்குது?" எண்டுதான் கேள்வி. நானும் வெக்கமில்லாமல் சொல்லுவன். போத்தில் மூடி திறக்க ஏலேல்லை, இடது காற் சப்பாத்துப் போட ஏலேல்லை, பக்கத்து வீட்டுக்காரியின்ரை பாட்டைக் கேக்க ஏலேல்லை.

போன கிழமை என்ரை பட்டியலைச் சொல்லி முடிச்சிட்டு, "உனக்கு?" எண்டன்.

"எனக்கென்ன, நான் சமாளி..." எண்டவள் நிப்பாட்டிப்போட்டாள்.

"முழங்கால், அக்கா. ஏழெட்டு மாதமாய்ப் படி ஏற ஏலாது. கீழை சோபாவிலைதான் படுக்கிறன். மேலை நாலு அறையும் சும்மா கிடக்குது."

"எடி விசரி! பிள்ளையளுக்குச் சொன்னனியே?"

"அவை போனிலை 'ஓகேயா அம்மா' எண்டுதானே கேக்கினம். இஞ்சை ஆர் வந்து பாக்கினம்?"

சில்லுக்கதிரை ஏத்திற பஸ்சுக்கு முதல் நாளே சொல்லிவைக்கோணும். "நாளைக்கு நான் வாறன்" எண்டன். "ரோல்ஸ் கீல்ஸ் ஒண்டும் பொரிக்காதை. சோபாவிலை கிடக்கிற தலையணையையும் எடுத்து ஒளிக்காதை. அது அது கிடக்கிறபடி கிடக்கட்டும், நான் வந்து பாக்கிறன்."