பாதி சவரம்

வலது கன்னம் மழமழவென்றிருக்கும். இடது கன்னத்தில் ஒரு மாதத் தாடி. இப்படியொரு முகத்தோடு டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினால் ஊர் சும்மா விடுமா? "இன்னா பீமு, பாதி மூஞ்ச வாடகைக்கு வுட்டுகீறியா?" என்பான் ஸ்டாண்டில் துரை. எல்லோரும் சிரிப்பார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும். பீம்ராவால் வாய் திறந்து திட்டக்கூட முடியாது.

திறந்தால் கரண்டு கம்பியைத் தொட்டதுபோல் தாடையிலிருந்து காதோரம் வரை இழுக்கும். சில நொடிதான், போய்விட்டுத் திரும்ப வரும். கடல் காற்று பட்டால் வரும், சோறு மென்றால் வரும், பிளேடு பட்டால் உயிரே போகும்.

பல்வலியென்று நினைத்துத் தெருமுனை பல் கிளினிக்குக்குப் போனான். அந்த மகராசன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினான். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லைப் பிடுங்கினான். மூன்றாவதும் போனது. எல்லாம் சொத்தையில்லாத பல். அப்புறமும் வலிக்குதே என்றதற்கு, "உனக்கு மனசுலதான் வலி, குடிய நிறுத்து" என்றான். பீம்ராவ் குடித்ததே கிடையாது.

ஒருநாள் ஓட்டும்போதே வலி வெட்டி, வண்டி லாரிக்கடியில் போகப் பார்த்தது. "யோவ், இனிமே வண்டியத் தொட்ட, நா மனுஷியா இருக்க மாட்டேன்" என்று மனைவி மதி அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். வண்டி இல்லையென்றால் வீட்டில் அடுப்பு ஏது?

நரம்பு டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "ஏன் இந்தப் பக்கம் ஷேவ் பண்றதில்ல?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே பீம்ராவ் அழுதுவிட்டான். பல்லில் கோளாறில்லை, முகத்துக்கு வரும் நரம்பில்தான் என்றார். ஸ்கேன் எடுத்து, மாத்திரையைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். ரத்தம் சோதிக்க வரவேண்டும், தலைசுற்றல் நிற்கும்வரை வண்டி கூடாது, மாத்திரை கேட்காவிட்டால் ஆபரேஷன் இருக்கிறது என்றார்.

மாத்திரை கேட்டது. வண்டி ஓட்டலாம் என்று சொன்ன மறுநாள் முழு முகத்தையும் மழித்தான். கண்ணாடியைப் பார்த்ததும் கோபம்தான் பொங்கியது. நாக்கு மூன்று பள்ளத்தையும் தடவியது. நாலு அறை விடுவதென்றே ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனான்.

அங்கே பெஞ்சில் ஒரு பெண். ஒரு கன்னத்தில் மட்டும் பவுடர். மறு கன்னத்தை ஃபேன் காற்று படாமல் முந்தானையால் மூடியிருந்தாள். பீம்ராவ் முதலில் ஃபேனை நிறுத்தினான்.

"யக்கா, காத்து பட்டா கரண்டு அடிக்குதா?"

அவள் வாய் திறக்காமல் தலையாட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

"எத்தினி புடுங்கினான்?"

ஒரு விரலைக் காட்டினாள்.

"எய்ந்து வாக்கா. மீதியக் காப்பாத்திக்கலாம். பெரியாஸ்பத்திரிக்கு நா இட்டுனு போறேன்."

டாக்டர் வெளியே வந்தான். "யாருய்யா நீ?"

"தெரீலயா? எப்டித் தெரியும்! மூணு வாட்டி பாதி தாடியோட உன் முன்னால வாயத் தொறந்துகினு உக்காந்தேன். ஏன்டா பாதின்னு ஒரு வார்த்த கேட்டியா?"

அந்தப் பெண் எழுந்து வந்து ஆட்டோவில் ஏறினாள். அறைவதற்கென்று கொண்டுவந்த கையால் பீம்ராவ் ஆட்டோவின் படுதாவை இறக்கி, அவள் பக்கம் காற்று வராமல் இழுத்துக் கட்டினான்.